முதல் விண்ணப்பமும் நம் கடமையும்

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், மயிலாப்பூர் லஸ் முனையிலும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அடையாற்றின் கடைவீதியிலும் உள்ள நகலகங்களில் இளைஞர் கூட்டம் நிறைந்திருப்பது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். மதிப்பெண் சான்றிதழை நகலெடுக்க வருவோரே மிகப் பலர். அவருள் மேற்படிப்புக்கு வசதியற்றோரும், பகலில் பணியாற்றி மாலையில் பயில எண்ணுவோரும், குடும்பச் சுமைக்குத் தோள்கொடுக்க விரும்புவோரும் "பயோடேட்டா ஒன்று அடித்துக் கொடுங்கள்" என்று கேட்கின்றனர். கடைக்காரர் தம் கணிப்பொறியில் முன்பே வைத்திருக்கும் படிவத்தைத் திறக்கிறார். பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரைப் பொறிக்கிறார். ஐந்து நிமிடங்களில் ஓர் இளைஞனின் பதினேழாண்டு வாழ்க்கை ஒரு தாளாகி அச்சில் வந்துவிடுகிறது.

அத்தாளின் தொடக்கத்தில் 'குறிக்கோள்' என்ற தலைப்பின்கீழ் ஓர் ஆங்கில வாக்கியம் நிற்கும். அதன் பொருளை அவ்விளைஞனைக் கேட்டால் விடை கூற இயலாது. அடுத்து வரும் 'வலிமைகள்' என்னும் பகுதியில் கடின உழைப்பு, நேர்மை, விரைந்து கற்றல் என்ற மூன்றும் தவறாமல் இடம்பெறும். 'பணி அனுபவம்' என்பதற்கு எதிரே மட்டும் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். தாள் முழுவதிலும் அவ்விளைஞனே சொல்லிய சொல் அது ஒன்றுதான். அந்தச் சொல்லும் பெரும்பாலும் உண்மையன்று என்பதே இக்கட்டுரையில் நாம் கூற முற்படும் கருத்தாகும்.

தன்விவரக் குறிப்பு எழுதுவது தமிழ்த்துறையின் வேலையா எனச் சிலர் வினவலாம். ஒருவன் தன்னைப் பற்றி உண்மையைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் பிறர் நம்பும்படியும் எழுதுவது மொழிப்பயிற்சியின் முதற்பயன் அன்றோ? சீட்டுக்கவி என்றே ஓர் இலக்கிய வகையைக் கண்ட மொழி நம்முடையது. புரவலர்க்குத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளப் புலவர்கள் செய்யுளில் மடல் விடுத்தனர். அம்மரபைப் பாடமாகப் பயிற்றும் நாம், நம் மாணவர் எழுதும் முதல் மடலைக் கண்டும் காணாதிருத்தல் முறையன்று.

காலம் மாறிய விதம்

நம் தந்தையர் தலைமுறைக்கு இத்தகைய தாளின் தேவை மிகுதியாக இருந்ததில்லை. பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சென்று வரிசையில் நின்று பெயரைப் பதிந்தனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தனர். பதிவு மூப்பின்படி அழைப்பு வரும் என்று காத்திருந்தனர். காலியிடங்களை வேலைவாய்ப்பகங்களுக்கு அறிவிக்க வேண்டும் என 1959ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. வேலைவாய்ப்பகம் அனுப்பும் பெயர்களோடு மட்டும் நில்லாது, செய்தித்தாள் முதலியவற்றின் வாயிலாகவும் அறிவித்துப் பிற விண்ணப்பங்களையும் கருதவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 1991க்குப் பின் தனியார் துறையும் பெருகியது. பதிவு அட்டையின் இடத்தைத் தேர்வும் விண்ணப்பமும் பிடித்துக்கொண்டன. இன்று வேலைவாய்ப்புப் பதிவைக் கணினி வழியாகவே செய்துகொள்ளலாம். அதனைச் செய்துவிடுதல் நன்று. ஆயின் பதிந்துவிட்டுக் காத்திருத்தல் மட்டுமே வழி என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கூறுவாராயின், அது பழைய நகரத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய நகரத்தில் தெருத் தேடுவது போன்றதாகும்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுபவமற்ற இளைஞர் ஒருவர் தம்மைப் பற்றி எவ்வாறு எழுதலாம் என்பதற்கு நம் சென்னையிலேயே சிறந்த சான்று உண்டு. மயிலாப்பூருக்கு வடக்கே அண்மையில் உள்ள திருவல்லிக்கேணியில் 'சம்மர் ஹவுஸ்' என்ற முகவரியிலிருந்து 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு ஓர் எழுத்தர் வேலைக்கான விண்ணப்பம் சென்றது. எழுதியவர் சீனிவாச இராமானுஜன். அப்போது அவருக்கு வயது 24. திருமணமாகியிருந்தது, நிலையான வருவாய் இல்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையைக் கணிதம் தவிர்த்த பாடங்களைப் புறக்கணித்ததால் இழந்தவர். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். கணக்காயர் அலுவலகத்தில் சில வாரங்கள் தற்காலிகமாகப் பணியாற்றியது தவிர, அனுபவம் என்று சொல்லத்தக்கது அவரிடம் இல்லை.

அவ்விண்ணப்பம் மிகச் சிறியது. தாம் மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலைகளால் மேலே படிக்க இயலாது போனதையும் அதில் அவர் மறைக்காது கூறினார். அக்காலமெல்லாம் கணிதத்திலேயே ஈடுபட்டு அத்துறையை வளர்த்து வந்ததை அடுத்துச் சொன்னார். பணி கிடைப்பின் அதனைச் செவ்வனே செய்யும் நம்பிக்கை உண்டு என்று முடித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த சான்றும் உடன் சென்றது. இராமானுஜனின் கணித ஆற்றல் அசாதாரணமானது என்பதோடு அச்சான்று நிற்கவில்லை. எண்களைக் கையாளும் வேலையில் அவர் மிக விரைவானவர் என்பதையும் எடுத்துரைத்தது. கணக்குப் பிரிவின் எழுத்தரிடம் ஓர் அலுவலகம் எதிர்பார்ப்பது அதுவன்றோ? 1912 மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அவர் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதியபோதும், தாம் துறைமுக அலுவலகத்தின் எளிய எழுத்தர் என்பதையும் பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

"அவர் மேதை, எம் பிள்ளைகள் சாதாரணமானவர்கள்" என்று பெற்றோர் கூறலாம். துறைமுக அலுவலகம் தேடியது மேதையை அன்று, கணக்கெழுதும் ஒருவரை. மேதைமையை நாம் கற்பிக்க இயலாது. அவ்விண்ணப்பத்தின் முறையைக் கற்பிக்க இயலும். குறையை மறைக்காமை, இடைப்பட்ட காலத்தில் செய்ததைச் சொல்லல், அறிந்தவர் ஒருவரின் சான்றை இணைத்தல், சுருக்கமாக முடித்தல் என்னும் நான்கும் எவர்க்கும் கைவரக்கூடியவை.

அவ்விண்ணப்பம் தனித்து நின்று வேலை பெற்றுத் தரவில்லை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பே இராமானுஜன் தம் நோட்டுப்புத்தகங்களைச் சுமந்துகொண்டு, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயரைச் சென்று கண்டிருந்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் அவருக்கு மாதந்தோறும் பொருள் உதவினார். துறைமுக அலுவலகத்திலேயே நாராயண ஐயர் அவர்தம் ஆற்றலை உணர்ந்து துணைநின்றார். இளைஞரின் கையில் செய்த வேலை இருந்தது. பெரியோரிடம் அதைப் பார்க்கும் கண் இருந்தது. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அவ்விண்ணப்பம் கோப்புக்குள் உறங்கியிருக்கலாம்.

அனுபவம் என்பது யாது?

ஊதியம் பெற்றுச் செய்ததே அனுபவம் என்ற எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. அதனால் அவர்கள் செய்த வேலைகள் அவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பகுதியில் தந்தையின் சிறு கடையில் இரண்டாண்டுகள் மாலைதோறும் அமர்ந்து, வரவு செலவு எழுதி, மொத்த வணிகரிடம் சரக்குச் சொல்லி வாங்கிய மாணவனைக் கேளுங்கள்; "சும்மா கடையில் இருந்தேன்" என்பான். ரமலான், தீபாவளிக் காலங்களில் தியாகராய நகர்த் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவன் அதை "லீவில் போனது" என்பான். அண்டை வீட்டுச் சிறார்க்கு ஓராண்டு கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்த மாணவியோ, காசு வாங்காததால் அது வேலையே அன்று எனக் கருதுகிறாள். தாயுடன் அமர்ந்து தையல் ஒப்பந்தம் முடித்துக் கொடுத்தவள், எழுதத் தெரியாத முதியோர்க்கு உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தந்தவள், மருத்துவமனையில் உருது மட்டுமே அறிந்த பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்த்தவள் ஆகியோரின் தாள்களிலும் 'இல்லை' என்றே எழுதப்பட்டிருக்கிறது.

ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செயலையே உரைகல்லாகக் கொள்ளச் சொன்னவர் வள்ளுவர். 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் நெறியை அவர் விரித்துரைத்தார். மத்யன் நகரின் நீர்த்துறையில் மூஸா நபி (அலை) அவர்களின் நிகழ்வும் இங்கு நினையத்தக்கது. வேற்றூரிலிருந்து வந்து, கையில் எச்சான்றும் இன்றி நின்ற அவர்கள், இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களுள் ஒருவர் தம் தந்தையிடம் அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு வேண்டியபோது எடுத்துக்காட்டியவை வலிமையும் நம்பகத்தன்மையும் ஆகிய இரண்டே. முன்பு எத்தனை ஆண்டு ஆடு மேய்த்தார் என்ற வினா அங்கு எழவில்லை. கண்ணால் கண்ட ஒரு செயல் சான்றாக அமைந்தது.

ஆகவே மாணவர்கள் 'கடின உழைப்பாளி' என்று தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வதை விடுத்து, செய்த செயலைக் காலத்தோடும் அளவோடும் எழுத வேண்டும். 'தந்தையின் மளிகைக் கடையில் இரண்டாண்டுகள், நாள்தோறும் மூன்று மணி நேரம், விற்பனையும் வரவு செலவுக் கணக்கும் கவனித்தேன்' என்ற ஒரு வாக்கியம், அழகிய அடைமொழிகள் பத்தினும் வலியது. அதைப் படிப்பவர் மேலும் வினவலாம். வினவினால் மாணவன் தயங்காமல் விடை கூறலாம். வினவினால் விடை கூற இயலாத எந்தச் சொல்லும் அத்தாளில் இருத்தல் கூடாது.

முதலில் தமிழில் எழுதுக

இதற்கு நாம் கூறும் வழி எளியது. ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டிய குறிப்பாயினும் அதனை முதலில் தமிழில் எழுதுக. அறியாத மொழியின் வாக்கியத்தைப் படியெடுப்பவனுக்கு அது உண்மையா பொய்யா என்று உரசிப் பார்க்கும் வாய்ப்பே கிட்டாது. தமிழில் எழுதும்போது, 'சவால் மிக்க சூழலில் என் பன்முகத் திறன்களை வெளிப்படுத்துவேன்' என்று எழுத எந்த மாணவனுக்கும் கை வாராது, தானே நகைப்பான். ஒரு மாலைப்பொழுதில் தாயையும் தந்தையையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து தான் செய்தவற்றை எல்லாம் தமிழில் பட்டியலிட்டு, வேண்டியவற்றைத் தேர்ந்து, அதன்பின் ஆசிரியர் ஒருவர் துணையுடன் எளிய ஆங்கிலத்தில் பெயர்த்தால், அத்தாள் அவனுடையதாக இருக்கும்.

வடிவம் பற்றிச் சில சொற்கள் போதும். ஒரு பக்கத்துக்கு மேற்படல் வேண்டா. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், வாழும் பகுதி, படித்த பள்ளி, ஆண்டு, மதிப்பெண், செய்த வேலைகள், அறிந்த மொழிகளும் திறன்களும், சான்று கூறத்தக்க இருவர் என்ற வரிசை தகும். மொழிகளைக் குறிப்பிடும்போது எதில் பேசவும் எதில் எழுதவும் இயலும் என்று பிரித்துரைக்க வேண்டும். வீட்டில் உருதும் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் வழங்கும் பிள்ளைக்கு மும்மொழி என்பது சென்னையின் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் உண்மையான உதவி. அரசின் தட்டச்சுத் தேர்வில் இளநிலை தேறியிருந்தால் அதனைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆதார் எண், சமயம், பெற்றோரின் வருமானம் ஆகியவை கேட்டாலொழிய வேண்டுவதில்லை. சான்று கூறுவோர் பெயரை அவர் இசைவின்றி எழுதுதல் கூடாது. வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரிடம் இத்தாளைக் கொடுத்தலும் ஆகாது.

படிப்பவரின் தேவை அறிந்து எழுதுதல் மற்றொன்று. 1482ஆம் ஆண்டையொட்டி மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கு லியொனார்டோ டா வின்சி எழுதிய வேலை வேண்டும் மடல் இன்றும் பேசப்படுகிறது. போர் அச்சம் நிலவிய காலம் ஆதலின், பாலங்களையும் போர்க்கருவிகளையும் அமைக்கும் தம் திறனை அவர் வரிசையாக முன்வைத்தார். உலகம் போற்றும் ஓவியக்கலையை இறுதியில்தான் குறிப்பிட்டார். மருந்துக்கடைக்கு எழுதும் தாளும் கணக்கர் அலுவலகத்துக்கு எழுதும் தாளும் ஒன்றாக இருத்தல் இயலாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

அரசுப் பணியை நாடுவோர்க்குத் தேர்வே வாயில். தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்வழியில் பயின்றோர்க்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 விழுக்காடும், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 3.5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. அவற்றுக்குரிய சான்றிதழ்களைப் பள்ளி முடித்த கையோடு பெற்று வைத்துக்கொள்ளல் அறிவுடைமை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளும் தாளில் எழுதத்தக்க திறன்களைத் தரும்.

பெயரும் தடையும்

இவ்வளவும் செய்த பின்னும் நம் பிள்ளைகள் சிலர் தாழ்ந்த குரலில் கேட்கும் வினா ஒன்று உண்டு: "என் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டால்?" இதனை வீண் ஐயம் என்று நாம் தள்ளிவிட இயலாது. சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்னும் ஆய்வாளர்கள் நாளேடுகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பி, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிடத் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67 ஆகவும், முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. தகுதி ஒன்றாயிருந்தும் பெயர் எடையைக் குறைத்தது.

இதற்கு விடை பெயரைச் சுருக்கி மறைப்பதன்று. மனமுடைந்து விண்ணப்பிக்காமல் இருப்பதும் அன்று. அநீதியைக் களைவது வேலை தருவோரின் கடமையும் சட்டத்தின் கடமையும் ஆகும். அதை உரிய இடத்தில் வலியுறுத்துவது நம் கடமை. மாணவரின் பங்கு, ஒதுக்குவதற்கு வேறு காரணம் எதனையும் தம் தாளில் விட்டுவைக்காமை. நகலகத்தின் பொதுப்படிவம் இங்குதான் பெருங்கேடு செய்கிறது. எல்லாத் தாளும் ஒன்றுபோல் இருக்குமானால் படிப்பவர் கண்ணில் வேறுபட்டுத் தெரிவது பெயர் ஒன்றே ஆகிவிடுகிறது. செய்த செயல்கள் நிறைந்த தாளில் பெயரைக் கடந்து பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும்.

பெரியோர் கடன்

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் இரு வேண்டுகோள்கள் உள. முதலாவது சான்றிதழ் பற்றியது. நாம் எழுதித் தரும் நன்னடத்தைச் சான்றுகள் அனைத்தும் ஒரே வாசகத்தில் அமைகின்றன. நூறு பேருக்கும் நடத்தை 'நன்று'. நகலகத்துப் படிவத்தைக் குறைகூறும் நாம் நம் படிவத்தையும் நோக்க வேண்டும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, 1880இல் அவ்விடத்துக்கு உ. வே. சாமிநாத ஐயரைப் பரிந்துரைத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். அறிந்தவரின் சொல் ஆதலால் அதற்கு எடை இருந்தது. ஏடு தேடி உழைத்த ஒரு பெருவாழ்வு அப்பணியில் ஊன்றி நின்றது. இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூலகத்தைக் காணும்போது, தக்க நேரத்தில் கூறப்பட்ட ஒரு பரிந்துரைச் சொல்லையும் நாம் நினைத்துக்கொள்ளலாம். நாமும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் அவரிடம் நாம் கண்ட ஒரு செயலையேனும் குறிப்பிட்டு எழுதுவோமாக. 'விழா ஏற்பாட்டில் வரவு செலவை ஒப்படைத்தோம். ஒரு காசும் பிசகாமல் திருப்பித் தந்தார்' என்ற சான்றை எந்த நிறுவனமும் இருமுறை படிக்கும்.

இரண்டாவது, அனுபவம் தருதல் பற்றியது. நம்மிடையே கடை உடையோர், தோல் வணிகம் செய்வோர், தணிக்கையாளர், மருத்துவர், பயண முகவர் எனப் பலர் உளர். அறக்கொடையாகக் கல்விக் கட்டணம் செலுத்த அவர்கள் தயங்குவதில்லை, அது போற்றற்குரியது. அத்துடன் பள்ளி முடித்த பிள்ளை ஒருவருக்குக் கோடை விடுமுறையில் இரண்டு திங்கள் தம் அலுவலகத்தில் இடம் தந்து, வேலையைக் கற்பித்து, உரிய ஊதியம் கொடுத்து, இறுதியில் செய்த பணியைக் குறிக்கும் ஒரு கடிதமும் தருவாராயின், அப்பிள்ளையின் தாளிலிருந்து 'இல்லை' என்ற சொல் நீங்கிவிடும். மாணவியர்க்கும் இவ்வாய்ப்பு உரியது. 1955இல் தேனாம்பேட்டைப் பகுதியில் பெண்களுக்கெனக் கல்லூரி கண்ட நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்களின் தலைமுறை, பெண்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டது. பணியிடத்தின் கதவைத் திறப்பது நம் தலைமுறையின் பொறுப்பு.

சிறுபொய்யால் தாளை நிரப்பிவிடலாமே என்ற எண்ணம் மாணவர்க்கு எழுதல் இயல்பு. செல்லாத இடத்தில் ஆறு மாதம் பணியாற்றியதாக எழுதினால் நேர்முகத்தின் முதல் வினாவிலேயே அது உதிரும். ஒருகால் உதிராமல் வேலை கிட்டினாலும், அறியாத வேலையை அறிந்தவன்போல் நாள்தோறும் நடித்துத் தீர வேண்டும். உண்மையை எழுதியவனோ தெரியாததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். புதியவன் என்பதை அவன் முன்பே சொல்லிவிட்டான் அல்லவா?

மாணவச் செல்வங்களே, உங்கள் முதல் விண்ணப்பத்தை நகலகத்தின் கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, செய்தவற்றை உங்கள் மொழியில் உங்கள் கையால் எழுதி, வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். திருத்தித் தரத் தமிழ்த்துறையில் நாங்கள் இருக்கிறோம்.